மைக்ராஸ்கோப்போடு திருவண்ணாமலைக்கு ஒரு சனிக்கிழமை

திருவண்ணாமலைப் பயணம் பற்றி எழுதும்படி இந்தப் பக்கத்தைப் படிக்கிற இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்த ஊருக்கு நான் மொத்தமே ஐந்து முறைதான் போயிருக்கிறேன். எழுத எனக்குத் தகுதி உண்டா என்று ஒரு வாரம் யோசித்தேன். முதல் பயணத்துக்கு மட்டும் மணி, தூரம், செலவு எல்லாம் குறித்த நோட்டுப் புத்தகம் கையில் இருக்கிறது. அதை வைத்தே எழுதுகிறேன். 1985 மார்ச், ஒரு சனிக்கிழமை. நான் போனது சாமி பார்க்கவும் இல்லை, மலை சுற்றவும் இல்லை. எட்டு ஸ்லைடுகளை ஒருவரிடம் கொடுத்து மறுபடியும் எண்ணச் சொல்லப் போனேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பாலூட்டிகளின் செல்கள் கதிர்வீச்சு பட்டால் என்ன செய்கின்றன என்பது எங்கள் பாடம். ஒரு செல் வளர்ந்து, தன் மரபுப் பொருளை இரட்டித்து, இரண்டாகப் பிரிந்து, மறுபடி தொடங்கும். இது ஒரு சுற்று. பிரிவதற்குச் சற்று முன்னால் செல் ஓரிடத்தில் நின்று தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். அடிபட்ட செல் அங்கே கூடுதல் நேரம் நிற்கும், அந்த நிறுத்தத்துக்குத் தடை என்று பெயர். எவ்வளவு நேரம் என்பதே கேள்வி. எக்ஸ் கதிர் செல்லுக்குள் கோலமாவைத் தூவுகிற மாதிரி பரவலாக விழும். கன அயனிகள், அதாவது வேகமூட்டப்பட்ட நியான் போன்ற கனமான அணுக்கருக்கள், ஒரே கோட்டில் மாவைக் கொட்டிக்கொண்டு போகும். அளவு ஒன்றானாலும் காயம் வேறு.

முந்தின ஆண்டு வெளிநாட்டில் ஒரு முடுக்கியில் எனக்கு இரண்டு மாதம் இடம் கிடைத்தது. வெள்ளெலியின் செல்களைக் கண்ணாடித் துண்டுகளில் வளர்த்து, சிலவற்றுக்கு நியான் அயனி, சிலவற்றுக்கு அதே அளவு எக்ஸ் கதிர் கொடுத்து, கதிர் பட்டு மூன்றாம் மணி, ஆறாம் மணி என்று குறித்த மணிகளில் மருந்தில் அப்படியே நிலைநிறுத்தி, சாயமேற்றி, ஸ்லைடுகளாகக் கொண்டுவந்தேன். ஆயிரம் செல்லில் எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணவேண்டும். தடை நீங்கினால் அந்த எண் ஏறும்.

முதலில் எண்ணியவர் எங்கள் தற்காலிக உதவியாளர் குணசுந்தரி. திருவண்ணாமலைப் பெண், பட்டயப்படிப்பு, இருபத்து நான்கு வயது. எண்ணி முடித்துவிட்டு, அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டார். கட்டுரை எழுதும்போது சரிபார்ப்பதற்காக நானும் எண்ணினேன். எக்ஸ் கதிர் ஸ்லைடுகளில் இருவரும் ஒத்துப்போனோம். ஒன்பதாம் மணிக்கு அவர் இருபத்தெட்டு, நான் இருபத்தொன்பது. நியான் ஸ்லைடுகளில்தான் வந்தது வினை. ஆறாம் மணிக்கு அவர் நான்கு, நான் இருபத்திரண்டு. ஒன்பதாம் மணிக்கு அவர் ஒன்பது, நான் முப்பத்தொன்று.

என் எண்ணிக்கை சரியானால், கன அயனி பட்ட செல்கள் தடையிலிருந்து சீக்கிரமே வெளியேறுகின்றன. யாரும் எதிர்பாராத முடிவு. எங்கள் பிரிவின் தலைவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “அந்தப் பொண்ணு லீவு அவசரத்துல எண்ணியிருக்கு. உங்க கணக்கையே போடுங்க. திங்கட்கிழமை தபால்ல போயிடணும்” என்றார். அதோடு, “இந்த மாசத்தோட அதுக்கு வேலைத் தவணை முடியுது. நீட்டிக்கச் சொல்லி நான் எழுதப் போறதில்ல” என்றும் சொன்னார்.

கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. எனக்கு வயது நாற்பத்து மூன்று, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தலைவர் சொன்னதை ஒப்புக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை வரை அப்படித்தான் இருந்தேன். பிறகு, விளக்குக்குப் பதில் அடியில் ஒளியைத் திருப்பும் கண்ணாடி வைத்த பழைய ஒற்றைக்குழல் மைக்ராஸ்கோப்பைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கினேன். இருந்தவற்றில் நியான் நான்கு, எக்ஸ் கதிர் நான்கு என எட்டு ஸ்லைடுகளை எடுத்து, அவற்றின் பெயர்ச்சீட்டுகளை மருந்துக்கடைப் பிளாஸ்திரியால் மூடி, சீட்டுக் குலுக்கி ஒன்றிலிருந்து எட்டு வரை எண் போட்டேன். எந்த எண் எந்த ஸ்லைடு என்ற பட்டியலை உறையில் வைத்து ஒட்டினேன். எண்ணுகிறவருக்கு எது எதுவென்று தெரியக்கூடாது. எனக்கும் தெரியக்கூடாது என்பதால் அன்றிரவு அந்தப் பட்டியலை மறக்க முயன்றேன். அது ஓரளவுக்குத்தான் முடிந்தது.

சென்னை பாரிமுனையிலிருந்து காலை 5.45 பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழி, ஏறக்குறைய 190 கிலோமீட்டர். கட்டணம் பதினேழு ரூபாய் எண்பது காசு. நான் மைக்ராஸ்கோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, லக்கேஜ் டிக்கெட் வேண்டுமா என்று நடத்துநரிடம் கேட்டேன்.

“இன்னா சார், நாங்க கேக்காமயே குடுக்கறீங்க? பொட்டில கோழியா?”

“மைக்ராஸ்கோப்.”

“ஒடையுமா?”

“உடையும்.”

“அப்ப லக்கேஜே வேணாம். டிக்கெட் போட்டா நான் பொறுப்பாவணும். மடிலயே வெச்சுக்குங்க, கொழந்தைன்னு நெனைச்சுக்கறேன்.”

திண்டிவனம் 8.30. அங்கே பத்து நிமிடம், காபி அறுபது காசு. செஞ்சி 9.35. அதுவரை சாலை பரவாயில்லை. செஞ்சிக்கு மேற்கே குலுக்கல் அதிகம், பெட்டியை முழங்காலில் தாங்கியபடி வந்ததில் தொடை மரத்துப்போனது. கீழ்பென்னாத்தூரில் 10.25க்கு நிலக்கடலை மூட்டைகளோடு ஒரு கூட்டம் ஏறியது. அங்கிருந்து மலை நேர் எதிரே தெரியத் தொடங்கும். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசைக்குள் இடம் பிடித்தால் நன்றாகப் பார்க்கலாம். நான் ஆறாவது வரிசை. எனக்குத் தெரிந்தது மூட்டைகள்தான். 11.05க்குத் திருவண்ணாமலை.

பேருந்து நிலையத்தில் ஜட்கா வண்டிக்காரர், “சாமி பாக்கவா, மலை சுத்தவா?” என்று கேட்டார். தேரடித் தெருவுக்குப் பின்னால், பம்புசெட் ரிப்பேர் செய்யும் ஏழுமலை வீட்டுக்கு என்றேன். அவர் குணசுந்தரியின் அக்கா கணவர். விடுப்பு விண்ணப்பத்தில் அந்த முகவரிதான் இருந்தது.

“நம்ம ஏழுமலையா? ஏறுங்க. பொட்டில மோட்டாரா?”

இல்லை என்றேன்.

“சின்னதாதான் கீது. சரி பண்ணிடுவாரு, கவலப்படாதீங்க” என்று என்னைத் தேற்றினார். இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் ஏழுமலையே நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும், கையெல்லாம் கிரீஸ். நான் யார், ஏன் வந்திருக்கிறேன் என்று முன்பே ஒத்திகை பார்த்த நான்கு வாக்கியங்களைச் சொன்னேன். மூன்றாவது வாக்கியத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது.

“எங்க வீட்டுப் பொண்ணு தப்பா எண்ணிட்டுதுன்னு சொல்ல மெட்ராஸ்லருந்து பஸ் ஏறி வந்தீங்களா?”

“இல்லை. தவறு யாருடையது என்று தெரியவில்லை. என்னுடையதாகவும் இருக்கலாம்.”

“இருக்கலாமா, இருக்குதா?”

அதற்குள் குணசுந்தரி வெளியே வந்துவிட்டார். “மாமா, சும்மா இருங்க. சார், உள்ள வாங்க. கம்மியா எண்ணிட்டேன்னு சொல்றாங்களா?”

“நியானில் மட்டும்.”

“நியான்ல மட்டும்னா நான் அவசரப்பட்டேன்னு சொல்லியிருப்பாங்க.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “என் வேலைக்கு லெட்டர் போட மாட்டாங்களா சார்?”

பொய் சொல்ல எனக்கு வராது. “உங்கள் எண்ணிக்கை தவறென்றால் போடமாட்டார்” என்றேன். “சரியென்றால் கட்டுரை போகாது.”

அவர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு, “சாப்ட்டுட்டு மாடிக்குப் போலாம். வெளிச்சம் நல்லா கீது” என்றார். சோறு, முருங்கைக்கீரைக் குழம்பு, அப்பளம். வேண்டாமென்று இரண்டு முறை சொல்லிவிட்டு நன்றாகவே சாப்பிட்டேன்.

மொட்டை மாடியில் ஓலைச் சார்ப்பு ஒன்று இருந்தது. அதன் நிழலில் ஸ்டூலைப் போட்டு மைக்ராஸ்கோப்பை வைத்தோம். எதிர்வீட்டுச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். குணசுந்தரி கண்ணாடியை அந்தச் சுவருக்குத் திருப்பினார். ஆராய்ச்சிக்கூடத்து விளக்கைவிட ஒளி சீராக இருந்தது. பட்டியல் உறையை ஏழுமலையிடம் கொடுத்து, எண்ணி முடிக்கும் வரை யாரிடமும் கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு ஊக்கும் குத்திக்கொண்டார்.

12.50க்குத் தொடங்கினார். மொத்த செல்களுக்கு இடது கையில் நான் கொண்டுபோன எண்ணும் பொறி. பிரிகிற செல்லுக்கு ஒன்றாக, வலது கையால் ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குப் புளியங்கொட்டை. கண்ணை எடுக்கவேண்டியதில்லை, எழுதவேண்டியதில்லை. சென்னையிலும் அவர் இப்படித்தான் எண்ணுவார். “புளியங்கொட்டை விஞ்ஞானம்” என்று தலைவர் சிரித்திருக்கிறார். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அன்று மாடியில் அந்தக் கொட்டைகள் விழுகிற ஓசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எவ்வளவு இடைவெளி விட்டு விழுகின்றன என்று கவனித்தேன். அவர் ஒவ்வொரு கரும்புள்ளிக்கும் பெரிய லென்ஸைத் திருப்பி, பார்த்துவிட்டு, சின்ன லென்ஸுக்குத் திரும்பினார். நான் ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை.

நான்காவது ஸ்லைடு முடிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. உறையை ஒரே ஒரு முறை பார்க்கலாமா என்று ஏழுமலையைக் கேட்டேன்.

“எட்டும் ஆவட்டும் சார். நீங்க சொன்னதுதான்.”

“சோதனையின் வடிவமைப்பில் பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான்.”

“மோட்டார் ஓடிக்கினு இருக்கும்போது நான் கழட்ட மாட்டேன்” என்றார். குணசுந்தரி கண்ணை எடுக்காமலே சிரித்தார்.

4.20க்கு எட்டும் முடிந்தது. அடுத்து என் முறை. எண்கள் மட்டுமே தெரிந்த நிலையில் நானும் நான்கு ஸ்லைடுகளை எண்ணினேன். என் வழக்கப்படி சின்ன லென்ஸில், வேகமாக, ஒன்றுக்கு ஏழு நிமிடம். பிறகு ஏழுமலை ஊக்கைக் கழற்றி உறையைக் கிழித்து ஒவ்வொன்றாகப் படித்தார். குணசுந்தரியின் புதிய எண்கள் அவருடைய பழைய எண்களோடு ஒன்று, இரண்டுக்கு மேல் விலகவில்லை. நியான் ஆறாம் மணி ஐந்து. ஒன்பதாம் மணி எட்டு. நான் எடுத்த நான்கில் அந்த இரண்டு நியானும் இருந்தன, என் எண்களும் என் பழைய எண்களையே ஒத்திருந்தன. இருபத்து மூன்று. முப்பது.

“ரெண்டு பேரும் சரியாத்தான் எண்ணறீங்க. அப்ப எண்ணற பொருள்தான் வேற” என்றார் ஏழுமலை. நான் அன்று கேட்ட மிகச் சரியான வாக்கியம் அது.

“சார், அந்த ஒன்பதாம் மணிய பெரிய லென்ஸ்ல பாருங்க. அவசரப்படாதீங்க” என்றார் குணசுந்தரி.

பார்த்தேன். பிரிகிற செல்லின் மையத்தில் குரோமோசோம்கள் திரண்டிருக்கும். அந்தத் திரளின் விளிம்பில் விரல் நுனிகள் போலச் சிறு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நான் எண்ணியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முனையே இல்லை. வழுவழுப்பான கருப்பு உருண்டைகள், மசித்துளி சிந்தினாற்போல. சிலவற்றில் துளி இரண்டு மூன்றாகச் சிதறியிருந்தது. அவை பிரிகிற செல்கள் இல்லை. செத்த செல்கள்.

பிழை எப்படி வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முடுக்கிக்கூடத்தில் எங்களுக்கு உயிருள்ள செல்களைத் தட்டுகளில் பார்த்துப் பழக்கம். அங்கே பிரியப்போகிற செல் உருண்டு திரண்டு நிற்கும், மற்றவை தட்டையாகக் கிடக்கும். உருண்டை என்றால் பிரிகிறது என்று கண் பழகிவிடும். எக்ஸ் கதிரில் அந்த மணிகளில் சாவு குறைவு, அதனால் பழக்கம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கன அயனியில் சாவு அதிகம். சாகிற செல்லும் உருண்டுதான் போகும். இருபது வருடப் படிப்பை வைத்துக்கொண்டு நான் பிணங்களைப் பிறப்புக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

“இன்னா ஆச்சு?” என்று ஏழுமலை கேட்டார். குணசுந்தரிதான் சொன்னார்.

“சார் கோபுர வாசல்ல ஒக்காந்து எண்ணியிருக்காரு மாமா. அங்க கால நீட்டி ஒக்காந்திருக்கிறவங்க எல்லாம் மலை சுத்தி முடிச்சவங்கன்னு கணக்கு. அதுல பாதிப் பேரு வழியிலயே முடியாம ஜட்கா புடிச்சு வந்து வுழுந்தவங்க. கிட்டப் போயி காலைப் பாத்தாதான் தெரியும்.”

“எங்கப்பாவும் போன வருசம் அப்டித்தான் வந்தாரு. சுத்தியாச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினாரு” என்றார் ஏழுமலை.

நானும் சிரித்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் மேலாக ஒரு பெருமிதம் வந்தது, இன்றுவரை எனக்கு அது வியப்பு. யாருடைய கையால் எங்கள் எண்கள் உண்டாகின்றனவோ அந்தக் கை சரியான கை. அதை எங்கள் கூடத்தில் ஒருவரும், நான் உட்பட, அறிந்திருக்கவில்லை. அந்த இரண்டு நியான் ஸ்லைடுகளையும் பெரிய லென்ஸில் மறுபடி எண்ணினேன். ஐந்தே காலுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, எதிர்வீட்டுச் சுவர் மங்கிவிட்டது. இரண்டாவது ஸ்லைடுக்குக் கண்ணாடியை வானத்துக்குத் திருப்பினோம். ஒன்பதாம் மணிக்கு என் எண் பத்து வந்தது.

கிளம்பும்போது குணசுந்தரி கேட்டார்: “திங்கக்கிழம சொல்லிடுவீங்களா சார்?” சொல்வேன் என்று அவருக்கு நிச்சயமில்லை. எனக்கும் இல்லை.

அன்று பேருந்து நிலையத்துக்கருகே ஒரு விடுதியில் தங்கினேன். அறை பதினைந்து ரூபாய், கொசுவலை உண்டு. ஞாயிறு காலை 6.30 பேருந்தில் திரும்பினேன். அந்த ஐந்தரை மணி நேரமும் திங்கட்கிழமைக்கான வாக்கியங்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். நோட்டுப் புத்தகத்தின் அந்த இரண்டு பக்கங்களை இன்று படித்தால், முதல் பக்கத்தில் சொல்லாமல் இருப்பதற்கான காரணங்களும் இருக்கின்றன. அவையும் என் கையெழுத்துதான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைவர் அறைக்குப் போனேன். தயாரித்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. “கட்டுரையை அனுப்ப வேண்டாம், எண்ணிக்கை தவறு, என்னுடையது” என்று மட்டும் சொன்னேன்.

“சனிக்கிழம எங்க போயிருந்தீங்க?”

சொன்னேன்.

“அதுக்காகத் திருவண்ணாமலை வரைக்குமா?” என்று கேட்டுவிட்டு, ஸ்லைடுகளை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரையை என் கையில் கொடுத்தார். “அந்தப் பொண்ணு எப்ப வருது?” என்றார். வியாழக்கிழமை என்றேன். “வந்ததும் எல்லா ஸ்லைடையும் முதல்லேருந்து எண்ணச் சொல்லுங்க. நீங்க கிட்ட ஒக்காந்து கத்துக்குங்க.” நான் நகராமல் நின்றேன். “இன்னும் என்ன?” என்றார். தவணை நீட்டிப்புக் கடிதம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முழு எண்ணிக்கையும் முடிய மூன்று மாதம் ஆனது. விடை நான் ஆசைப்பட்டதற்கு நேரெதிர். கன அயனி பட்ட செல்கள் அந்தத் தடையில் எக்ஸ் கதிர் பட்டவற்றைவிட நெடுநேரம் நிற்கின்றன. பல அங்கேயே நின்றுவிடுகின்றன. புதுமை குறைவான முடிவு, ஆனால் உண்மையான முடிவு.

இனி போகிறவர்களுக்கு. கட்டணங்கள் இன்று பொருந்தா, வழி பொருந்தும். செஞ்சி வழியே வந்தால் மலையை முழுசாகப் பார்த்துக்கொண்டே ஊருக்குள் நுழையலாம். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். இன்று திருவண்ணாமலையே மாவட்டத் தலைநகர், கலெக்டர் அலுவலகம் வேங்கிக்காலில், அந்தப் பக்கமும் விடுதிகள் வந்துவிட்டன. பௌர்ணமியன்று இடம் கிடைக்காது, வேலையாகப் போகிறவர்கள் வேறு நாள் பார்க்கவும். ஊர் மலைக்குக் கிழக்கே இருப்பதால் சாயங்கால வெயில் மற்ற ஊர்களைவிட ஒரு மணி நேரம் முன்பே போய்விடும். படம் எடுக்கிறவர்கள் நாலரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். உடையும் கருவி ஏதும் கொண்டுபோனால் மடியில் வையுங்கள், லென்ஸைத் தனியே கழற்றித் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். மலையைச் சுற்றப் பதினான்கு கிலோமீட்டர். நான் மூன்றாவது பயணத்தில் நடந்தேன், நான்கு மணி பத்து நிமிடம் ஆனது, நடுவில் வண்டி ஏறவில்லை.

கட்டுரை அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. மூன்று பெயர்கள். முதலில் தலைவர், அடுத்து குணசுந்தரி, கடைசியில் நான். தற்காலிக உதவியாளரின் பெயரை ஆசிரியர் வரிசையில் போடும் வழக்கம் எங்கள் கூடத்தில் அதற்கு முன் இல்லை. அந்த வரிசையை நான்தான் எழுதித் தலைவரிடம் நீட்டினேன், அவர் திருப்பிக் கொடுத்தபோது மறுபடியும் நீட்டினேன். நான் ஓய்வு பெறும்வரை, இரண்டாவது முறை நீட்டிய காகிதம் அது ஒன்றுதான்.